அடிபட்டவர்கள் மாற்றிய அடி!

நங்கநல்லூரிலே நண்பர் இல்லத் திருமணம். மாலையில் வரவேற்பு. மேடையிலே மணமக்கள், மேடைக்கு ஓரத்திலே மெல்லிசைக் குழு, தலைக்கு மேலே, மீனம்பாக்கத்தை நோக்கி இறங்கும் விமானங்கள். விமானம் உறுமும்போது பாடகியின் வாய் அசைவது மட்டும் தெரியும். அது கடந்து போன பிறகுதான் பாட்டு மீண்டும் காதில் விழும். நங்கநல்லூர்வாசிகள் இதற்குப் பழகிப் போனவர்கள். ஒருவராவது அண்ணாந்து பார்க்கவேண்டுமே!

'சின்னச் சின்ன ஆசை' பாடினார்கள். 1992-ல் 'ரோஜா' படத்திலே வந்த பாட்டு, ஏ. ஆர். ரகுமான் என்ற இளைஞரை நாட்டுக்கு அறிமுகப்படுத்திய பாட்டு. என் பக்கத்திலே ஒரு பெரியவர். ஓய்வு பெற்ற அலுவலர். கச்சேரி தவறாமல் கேட்பவர். தொடையிலே தாளம் போட்டபடி ரசித்துக் கொண்டிருந்தவர், பாட்டு முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா தம்பி! என்ன இருந்தாலும் நம்ம பாட்டு நம்ம பாட்டுதான். வெளிநாட்டுச் சரக்குக்கு இந்தக் குளிர்ச்சி வருமா?"

இடைவேளையிலே கிடார் வாசித்த இளைஞன் காப்பி குடிக்கக் கீழே இறங்கி வந்தான். கல்லூரியிலே படிக்கும் பிள்ளை. கிடாரைத் தோளில் மாட்டும் பட்டையிலே பச்சை, மஞ்சள், சிவப்பு. நடுவிலே சடைமுடியோடு பாப் மார்லியின் முகம். பெரியவர் சொன்னது அவன் காதிலே விழுந்துவிட்டது.

"ஐயா, தப்பா நினைச்சுக்காதீங்க. மெட்டு நம்ம மெட்டுதான். ஆனா அடியில ஓடுற தாளக்கட்டு ரெகே. ஜமைக்கா சரக்கு!"

"ஜமைக்காவா? அங்கே கிரிக்கெட்டுன்னா ஆடுவாங்க!" என்றார் பெரியவர்.

சிரிப்பு அடங்கிய பிறகு நான் கேட்டேன்: "ரெகே சரி தம்பி. அதற்கு முன்னாலே அங்கே என்ன இருந்தது?"

"பாப் மார்லிக்கு முன்னாலயா அண்ணா? ..." யோசித்தான். "தெரியலையே."

மகனைத் தோளிலே மாட்டிக்கொண்டு திரிகிற தம்பிக்குத் தந்தையைத் தெரியவில்லை! அவனைக் குறை சொல்லவில்லை. உலகத்திலே பாதிப்பேருக்கு மேல் அப்படித்தான். அந்தத் தந்தையின் பெயர் ஸ்கா. ஸ்கா பிறந்த கதை, வளர்ந்த கதை, சொந்த வீட்டிலேயே அதற்குத் திண்ணைகூட மறுக்கப்பட்ட கதை, பிறகு நம்முடைய ஊட்டியிலே பிறந்த ஒருவர் கையால் அது மறுபடி எழுந்த கதை — அன்று காப்பி ஆறும்வரை அவனிடம் சொன்னதைத்தான் இங்கே விரித்துச் சொல்கிறேன்.

கரும்பு விளையும் தீவு ஜமைக்கா. கரும்பு இனிக்கும்; அதை வெட்டியவன் வாழ்வு? கப்பல் கப்பலாக ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைப் பிடித்து வந்தார்கள். சங்கிலி, சவுக்கு, சந்தையிலே விலை! 1834-ல் அடிமை முறை சட்டப்படி முடிந்தது. முழு விடுதலை வர 1838 ஆயிற்று. நட்ட ஈடு கொடுத்தது பிரிட்டிஷ் அரசு — 2 கோடி பவுன்! யாருக்கு? முதுகிலே தழும்பு சுமந்தவனுக்கா? இல்லை! அடிமையை இழந்துவிட்டேனே என்று அழுத ஆண்டைக்கு. தழும்பு சுமந்தவனுக்குத் தம்பிடி இல்லை.

அடிமை போனான், கரும்பை வெட்ட யார்? 1845-ல் தொடங்கி 1917 வரை சுமார் 36,000 இந்தியரைக் கூலி ஒப்பந்தத்திலே அங்கே ஏற்றிச் சென்றார்கள். கல்கத்தாவிலிருந்தும் கப்பல் போயிற்று. நம் சென்னையிலிருந்தும் போயிற்று. ஆகவே ஜமைக்கா என்றதும், 'யாரோ, எங்கோ' என்று நாம் கையை உதறிவிட முடியாது. அந்தக் கரும்புத் தோட்டத்து வியர்வையிலே நம் ஊர் உப்பும் உண்டு.

கிராமத்திலே அவர்களுக்கு 'மென்டோ' என்றொரு பாட்டு இருந்தது. பாஞ்சோ, மரப்பெட்டியிலே இரும்புத் தகடு கட்டிய வாத்தியம், கேலியும் கிண்டலும் கலந்த சொற்கள். பிழைப்புத் தேடி ஜனங்கள் தலைநகர் கிங்ஸ்டனுக்கு வந்தார்கள். தகரக் கொட்டகைகளிலே குடியேறினார்கள். பணக்காரன் மாலை நேரத்திலே ஓட்டலுக்குப் போனான். கோட்டு மாட்டிய வாத்தியக் குழு அவனுக்காக வாசித்தது. ஏழைக்கு? அவனுக்குக் கிடைத்தது 'சவுண்ட் சிஸ்டம்'.

அது என்ன பெரிய வித்தை என்று மலைக்காதீர்கள். நம் ஊர் 'சவுண்ட் சர்வீஸ்' இருக்கிறதே, அதுதான்! மைக் செட், பெருக்கி, பீரோ உயரத்துக்கு ஒலிபெருக்கிப் பெட்டிகள், ஒரு இசைத்தட்டு இயந்திரம். வண்டியிலே ஏற்றி வந்து வெட்டவெளியிலே இறக்கிப் போடுவார்கள், தெருவே ஆடும். நாற்சந்தியிலே ஒலிபெருக்கி கட்டி ஊரைக் கூட்டிய பழக்கம் உள்ள நமக்கு இதன் வலிமையைத் தனியாக விளக்கவேண்டுமா என்ன?

1950-களிலே இந்தத் தொழிலிலே பெரும் போட்டி. ஒரு பக்கம் டியூக் ரீட் — முன்னாள் போலீஸ்காரர். இன்னொரு பக்கம் கிளெமென்ட் டாட், 'காக்ஸன்' என்பது அவருக்குப் பட்டப் பெயர். பிறகு முளைத்தவர் பிரின்ஸ் பஸ்டர் என்ற இளைஞர். அமெரிக்காவிலிருந்து கறுப்பர்களின் 'ரிதம் அண்ட் புளூஸ்' இசைத்தட்டுகளை வரவழைத்துப் போடுவார்கள். யாரிடம் இல்லாத தட்டு யாரிடம் இருக்கிறது என்பதே போட்டி. அதற்காக என்ன செய்தார்கள் தெரியுமோ? தட்டின் நடுவிலே ஒட்டியிருக்கும் பெயர்ச் சீட்டைச் சுரண்டி எறிந்துவிடுவார்கள்! பாடியவன் பெயர் எதிரிக்குத் தெரியக்கூடாதாம். பாட்டு வேண்டும், பாடியவன் பெயர் வேண்டாம். பெயரைச் சுரண்டும் இந்தப் பழக்கம் பின்னாலும் போகவில்லை என்பதைப் பார்க்கத்தான் போகிறோம்.

காலம் மாறிற்று. அமெரிக்காவிலே 'ராக் அண்ட் ரோல்' வந்தது. கிங்ஸ்டன் ஜனங்களுக்குப் பிடித்த பழைய பாணித் தட்டுகள் வருவது குறைந்தது. சரக்கு இல்லாவிட்டால் கடை எப்படி நடக்கும்? வாங்கிய கடைக்காரன் உற்பத்தியாளன் ஆனான். உள்ளூர்ப் பாடகனை, உள்ளூர் வாத்தியக்காரனைக் கூட்டி வைத்துப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். அங்கேதான், 1950-களின் கடைசியிலே, அந்த அதிசயம் நடந்தது.

அதைச் சொல்வதற்கு முன்னால் உங்கள் கையைக் கொஞ்சம் கொடுங்கள். தொடையிலே தட்டுங்கள்: தா-க, தா-க, தா-க, தா-க. கை விழுவது 'தா' மீது. 'க' வரும்போது கை காற்றிலே இருக்கும். ஊர்வல முரசு, பட்டாளத்து நடை, எல்லாவற்றிலும் பலம் 'தா'வுக்குத்தான். கிங்ஸ்டன் வாத்தியக்காரர்கள் கிடாரையும் பியானோவையும் 'தா'விலிருந்து தூக்கி 'க'விலே வைத்துவிட்டார்கள்! கை விழுகிற இடத்திலே மௌனம். கை தூக்குகிற இடத்திலே 'ச்சக்'. அதுவும் குதிரைப் பாய்ச்சல் வேகத்திலே. மேலே டிராம்போனும் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் முழங்கும். கேட்டவன் நின்றபடி நிற்க முடியாது; முழங்கால் தானாக மடியும்.

அமெரிக்கப் பாட்டிலே அந்த 'க' அங்கங்கே லேசாகத் தலைகாட்டியதுதான். இவர்கள் அதைத் தூக்கி அரியணையிலே அமர்த்தினார்கள். தியோபிலஸ் பெக்ஃபோர்ட் என்பவர் பியானோவிலே வாசித்துப் பாடி 1959-ல் வெளிவந்த 'ஈஸி ஸ்னாப்பின்' என்ற தட்டை முதற்படி என்று பலர் சொல்வார்கள். கிடார்க் கலைஞர் எர்னஸ்ட் ராங்ளினின் தந்தி எழுப்பிய ஓசையிலிருந்தே 'ஸ்கா' என்ற பெயர் வந்தது என்பது ஒரு கதை. வேறு கதைகளும் உண்டு. பெயரிலே என்ன இருக்கிறது! தாளத்திலே அடி எங்கே விழவேண்டும் என்பதை, பரம்பரையாக அடி வாங்கியவன் மாற்றி எழுதினான் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

யார் இந்த வாத்தியக்காரர்கள்? சங்கீத வித்வான்களின் வாரிசுகளா? அவர்களிலே தலைசிறந்த சிலர் வந்த இடம் ஆல்ஃபா பள்ளி. 1880-ல் கிங்ஸ்டனிலே கத்தோலிக்கர் தொடங்கியது. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, சோற்றுக்கு வழியற்ற வீட்டுப் பிள்ளை, 'அடங்காதவன்' என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளை — இவர்களுக்கான பள்ளி. அங்கே சிஸ்டர் மேரி இக்னேஷியஸ் என்றொரு கன்னியாஸ்திரீ. இசைத்தட்டுகளைச் சேர்த்துச் சேர்த்து வைத்து, பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவார். ஜாஸ் கேள் என்பார், புளூஸ் கேள் என்பார். ஜெபமாலை உருட்டும் கை இசைத்தட்டையும் சுழற்றியது! மதவாதிகளோடு எனக்கு ஆயிரம் வழக்கு உண்டு. ஆனாலும் இந்த அம்மையாருக்கு என் வணக்கத்தைத் தடுக்க எந்த வழக்காலும் முடியாது.

அந்தப் பள்ளிப் பிள்ளைகள்தாம் டிராம்போன் வாசித்த டான் டிரம்மண்ட், சாக்ஸபோன் வாசித்த டாமி மக்குக், லெஸ்டர் ஸ்டெர்லிங், டிரம்பெட் வாசித்த ஜானி மூர். இவர்களும் மற்றவர்களும் சேர்ந்து 1964-ல் 'ஸ்கட்டலைட்ஸ்' என்ற குழுவை அமைத்தார்கள். பதினான்கு மாதம்போலத்தான் அது நிலைத்தது. அதற்குள் அவர்கள் பதிந்து குவித்ததைத்தான் இன்றைக்கும் ஸ்கா என்று உலகம் கேட்கிறது. பாட்டுக்கு இவ்வளவு என்று கையிலே ஏதோ கொடுப்பார்கள். தட்டு எத்தனை விற்றாலும் அதற்குமேல் பங்கு கேட்க இடமில்லை. டான் டிரம்மண்டின் முடிவு இருண்டது. மனநோயால் அலைக்கழிக்கப்பட்டவர், 1965 ஜனவரியிலே தன் காதலியைக் கொன்றார், 1969-ல் மனநல மருத்துவமனையிலேயே மாண்டார். கொல்லப்பட்டவர் மார்கரிட்டா என்ற நடனப் பெண்மணி. ஸ்காவின் கதையிலே அவருக்கும் ஓர் இடம் உண்டு. மேதையென்று ஒருவரைப் புகழும்போது, அவர் கையால் மாண்டவரை மறந்துவிடுவது நியாயமாகாது.

கொஞ்சம் பின்னால் போவோம். 1962 ஆகஸ்ட் 6. ஜமைக்கா விடுதலை பெற்றது. யூனியன் ஜாக் இறங்கிற்று. கறுப்பு, பச்சை, பொன் நிறக் கொடி ஏறிற்று. தெருவெல்லாம் ஸ்கா! டெரிக் மார்கன் 'ஃபார்வர்ட் மார்ச்' என்று பாடினார். இரவல் இசையிலே ஆடிக்கொண்டிருந்த நாட்டுக்குச் சொந்தத் தாளம் கிடைத்துவிட்டது. கொடியும் தாளமும் கைகோத்து வந்தன.

இனித்தான் வருகிறது, என் நெஞ்சை உறுத்தும் கட்டம். 1964-ல் நியூயார்க்கிலே உலகக் கண்காட்சி. புதிய நாடு தன் புதிய இசையை உலகத்துக்குக் காட்டவேண்டும் என்று அரசு விரும்பிற்று. அமைச்சராக இருந்தவர் எட்வர்ட் சியாகா. நல்ல எண்ணம்! ஆனால், விமானத்திலே ஏறியவர் யார்? ஸ்காவை உருவாக்கிய ஸ்கட்டலைட்ஸ் அல்ல! ஓட்டல்களிலே, மேட்டுக்குடி விருந்துகளிலே வாசித்துப் பழகிய பைரன் லீயின் குழு. பாடகர்களாக ஜிம்மி கிளிஃப், பிரின்ஸ் பஸ்டர், மில்லி ஸ்மால் முதலியோர் போனார்கள்; ஆனால் வாத்தியம் பைரன் லீ குழுவினுடையது. டான் டிரம்மண்ட் தரையிலே!

ஏன்? ஸ்கட்டலைட்ஸ்காரர்கள் சேரிப் பக்கத்து ஆட்கள்; அவர்களிலே சிலர் 'ராஸ்தஃபாரி' மார்க்கத்தோடு உறவு கொண்டவர்கள். ராஸ்தஃபாரி என்றால் அன்றைய மேட்டுக்குடிக்கு வேப்பங்காய். சடைமுடி, ஆப்பிரிக்காவே தாயகம் என்ற பேச்சு, வெள்ளைக்காரன் உலகத்தைப் 'பாபிலோன்' என்று ஏசும் வாய். இவர்களை நியூயார்க் மேடையிலே ஏற்றுவதா? கண்ணியமான ஸ்கா வேண்டும். அதைக் கண்டெடுத்தவன் வேண்டாம். இசைத்தட்டிலே பெயர்ச் சீட்டைச் சுரண்டினார்கள் என்றேனே, இங்கே விமானச் சீட்டிலேயே சுரண்டிவிட்டார்கள்!

பைரன் லீயைத் திறமையற்றவர் என்று நான் சொல்லவில்லை. நன்றாகவே வாசித்தார்; ஸ்காவை நாலு பேர் அறியப் பாடுபட்டவரும்கூட. கேள்வி அவரைப் பற்றியதல்ல. யாரைக் காட்டினால் நாட்டுக்கு வெட்கம் என்று ஒரு நாடு நினைத்தது என்பதே கேள்வி.

அதே 1964-ல் மில்லி ஸ்மால் லண்டனிலே பாடிய 'மை பாய் லாலிபாப்' பிரிட்டிஷ் பட்டியலிலே இரண்டாம் இடம்வரை ஏறியது. இசை அமைத்துக் கொடுத்தவர் அதே கிடார்க்காரர் ராங்ளின். அதே ஆண்டு கிங்ஸ்டனிலே ஓர் இளைஞர் குழு பாடிய ஒரு தட்டு முதலிடம் பெற்றது: 'சிம்மர் டவுன்'. வேலையற்று, கத்தி தூக்கித் திரிந்த இளைஞர்களைப் பார்த்து, 'ஆத்திரத்தை அடக்கு' என்று சொல்லும் பாட்டு. குழுவின் பெயர் வெய்லர்ஸ். அதிலே இருந்தவர்கள்? பீட்டர் டாஷ், பன்னி வெய்லர், அவர்களோடு 19 வயது பாப் மார்லி! பின்னணி வாசித்தவர்கள் ஸ்கட்டலைட்ஸ் கூட்டத்தார். கிடார்ப் பட்டையிலே நீ மாட்டியிருக்கும் அந்த முகம், தம்பி, ஸ்கா பாடித்தான் உலகத்துக்குள் நுழைந்தது.

பிறகு ஏன் ஸ்கா ரெகே ஆயிற்று? 1966 வாக்கிலே வேகம் குறைந்தது. அந்த ஆண்டுக் கோடை கொளுத்தியது, ஆட முடியவில்லை, ஆகவே மெதுவாக்கினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். வேடிக்கையான கதை, கோடை ஜமைக்காவுக்குப் புதிதா? விடுதலை வந்து நாலாண்டு ஆகியும் வேலை வரவில்லை, வீடு வரவில்லை. துள்ளிய கால் தானாகத் தளர்ந்தது என்பது என் எண்ணம். காற்று வாத்தியங்கள் பின்னே போயின. பாஸ் கிடார் முன்னே வந்தது. பாடகன் குரல் தெளிவாகக் கேட்டது. இதற்கு 'ராக்ஸ்டெடி' என்று பெயர். அதற்கு ஆயுள் இரண்டாண்டுதான். 1968-ல் டூட்ஸ் ஹிபர்ட்டின் மேட்டல்ஸ் குழு 'டூ தி ரெகே' என்றொரு தட்டை வெளியிட்டது. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

ரெகேயிலும் அந்தக் 'க' போகவில்லை. 'ச்சக்' அங்கேயேதான் இருக்கிறது. நடை மட்டும் நிதானப்பட்டது. டிரம் அடிப்பவனோ ஒரு படி மேலே போனான்: நான்கு எண்ணிக்கையிலே முதல் எண்ணிக்கையை அப்படியே காலியாக விட்டு, மூன்றாவதிலே கனமாக ஓர் அடி போட்டான். முதல் இடத்திலே அடி இல்லாத தாளம்! நம் பெரியவர் தொடையிலே தட்டித் தட்டித் தடுமாறினாரென்றால், அது அவர் பிழையன்று.

ஸ்கா கொண்டாடிற்று, ரெகே வழக்காடிற்று. கொடி ஏறிய நாளின் பாட்டு அது. கொடி ஏறிய பிறகும் அடுப்பு எரியாத வீட்டின் பாட்டு இது. தந்தையிடம் குடியிருந்த ஆப்பிரிக்க முரசும் ராஸ்தஃபாரி நெஞ்சமும் மகனிடம் வாய் திறந்து பேசின. தந்தையிடம் அவை இருந்ததற்கு அத்தாட்சி வேண்டுமா? பிரின்ஸ் பஸ்டர் 1960-லேயே ராஸ்தஃபாரி முரசுக்காரர் கவுண்ட் ஆஸியை மலைப்பக்கத்திலிருந்து அழைத்து வந்து, ஃபோக்ஸ் சகோதரர்களின் 'ஓ கரோலினா'வுக்கு முரசறைய வைத்தார்.

1978 ஏப்ரல் 22. கிங்ஸ்டனிலே அமைதிக் கச்சேரி. இரு கட்சிக்காரர்களும் துப்பாக்கி தூக்கித் தெருவெல்லாம் ரத்தம் சிந்திய காலம். மேடையிலே பாடிக் கொண்டிருந்த மார்லி, பிரதமர் மைக்கேல் மேன்லியை மேலே அழைத்தார். எதிர்க்கட்சித் தலைவரையும் அழைத்தார். இருவர் கையையும் தன் தலைக்கு மேலே சேர்த்துப் பிடித்தார். எதிர்க்கட்சித் தலைவர் யார் தெரியுமா? எட்வர்ட் சியாகா! 1964-ல் நியூயார்க்குக்கு ஆள் அனுப்பினாரே, அவரேதான். அன்று ராஸ்தஃபாரி வாடை பட்ட குழுவுக்கு விமானத்திலே இடமில்லை. பதினான்கு ஆண்டு கழித்து, சடைமுடி ராஸ்தஃபாரி அழைக்க, அமைச்சராயிருந்தவர் மேடையேறிக் கை கொடுத்தார்!

மார்லி 1981 மே 11-ல், 36 வயதிலே புற்றுநோய்க்கு இரையானார். 2018-ல் யுனெஸ்கோ ஜமைக்காவின் ரெகேயை மனித குலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. மகனுக்குப் பட்டயம் கிடைத்தது, மகிழ்ச்சி. தந்தைக்குத் தனிப் பட்டயம் இல்லை.

ஆனால் தந்தை சாகவில்லை. கடல் தாண்டி இங்கிலாந்திலே உயிரோடு இருந்தார்.

1948 முதல் ஜமைக்கா மக்கள் பிழைப்புக்காக இங்கிலாந்து போனார்கள். பெட்டியிலே துணி, அதற்கடியிலே இசைத்தட்டு. வேலை செய்ய அழைத்தவர்கள் வீடு வாடகைக்குத் தரமாட்டோம் என்றார்கள். இந்தக் குடியேறிகளின் பிள்ளைகளும் வெள்ளைத் தொழிலாளரின் பிள்ளைகளும் ஒரே தெருவிலே வளர்ந்தார்கள்; ஒரே தட்டுக்கு ஆடினார்கள். கார் தொழிற்சாலை நகரமான கவென்ட்ரியிலே 1970-களின் கடைசியிலே ஆலைகள் ஆட்டங்கண்டன. வேலை போயிற்று. 'கறுப்பனை விரட்டு' என்று கூச்சலிடும் நேஷனல் ஃபிரண்ட் கட்சி தெருவிலே இறங்கிற்று. அந்த நேரத்திலே, அந்த நகரத்திலே, ஸ்காவின் தூசியைத் துடைத்து எடுத்தவர் ஜெரி டாமர்ஸ்.

அவர் பிறந்த ஊர் ஊட்டி! 1955 மே 22. தந்தை ஆங்கிலிக்கன் பாதிரியார். பின்னாளிலே பிரிஸ்டல் நகரத் தலைமைப் பேராலயத்தின் டீன் பதவி வகித்தவர். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்து திரும்பிவிட்டது. ஊட்டியிலே பிறந்ததாலே 'தமிழன்' என்று அவருக்குப் பட்டா எழுதிக் கொடுக்க நான் புறப்படவில்லை; அந்த வேலைக்கு நம்மிடையே ஆட்கள் குறைவில்லை. ஆனால் ஊட்டிக்குப் போகிற லட்சக்கணக்கானவர்களிலே ஒருவருக்காவது இந்தப் பெயர் தெரியுமா? தெரிந்தால்தான் என்ன கெட்டுவிடும்?

'தி ஸ்பெஷல்ஸ்' என்று குழு. ஏழு பேர், அவர்களிலே லின்வல் கோல்டிங், நெவில் ஸ்டேப்பிள் இருவரும் ஜமைக்காவிலே பிறந்த கறுப்பர், மற்றவர் வெள்ளையர். 1979-ல் 'டூ டோன்' என்று சொந்தமாக ஓர் இசைத்தட்டு நிறுவனம். கறுப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமாகச் சேர்ந்ததே அதன் அடையாளம். அதிலே கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கழுத்துப்பட்டையும் அணிந்த மனிதன் ஒருவன் நிற்பான். யாரைப் பார்த்து வரைந்தது? ஸ்கா காலத்து வெய்லர்ஸ் தட்டின் அட்டையிலே நின்ற பீட்டர் டாஷைப் பார்த்து!

இங்கே ஒரு பெரிய வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். இவர்கள் பெயரைச் சுரண்டவில்லை; பெயரைப் பொறித்தார்கள். 'மேட்னஸ்' என்ற வெள்ளையர் குழு பிரின்ஸ் பஸ்டரின் பாட்டிலிருந்தே தன் பெயரை எடுத்துக்கொண்டது. டூ டோனிலே வந்த அதன் முதல் தட்டே அவருக்குப் புகழ் மாலை. ஸ்பெஷல்ஸ் என்ன செய்தார்கள்? 1967-ல் டேண்டி லிவிங்ஸ்டன் பாடிய 'எ மெசேஜ் டு யூ ரூடி'யை மறுபடி பாடினார்கள். பழைய தட்டிலே டிராம்போன் வாசித்த ரிக்கோ ரோட்ரிகெஸையே தேடிப்பிடித்துப் புதிய தட்டிலும் வாசிக்கவைத்தார்கள். அந்த ரிக்கோ யார்? ஆல்ஃபா பள்ளிப் பிள்ளை. டான் டிரம்மண்டிடம் டிராம்போன் கற்றவர்! 1964-ல் விமானத்திலே ஏற்றப்படாத மூச்சுக்காற்று, மாணவனின் வாத்தியம் வழியாகப் பதினைந்தாண்டு கழித்துப் பிரிட்டிஷ் வீடுகளிலே ஒலித்தது.

வழி நெடுக மலர் தூவியிருந்தது என்று எண்ணவேண்டாம். கூட்டத்திலே மொட்டைத் தலை இளைஞர் சிலர், கறுப்பன் தாளத்துக்கு ஆடிவிட்டு, வெளியே வந்து கறுப்பனை அடித்தார்கள்! இதென்ன மூளை என்று திகைக்கிறீர்களா? கானாவுக்கு விசிலடித்துவிட்டு, கானா பாடுகிறவனுக்கு வீடு வாடகைக்கு இல்லை என்று சொல்பவர்களை நீங்கள் பார்த்ததே இல்லையா? அரங்கத்திலே கைகலப்பு வந்தால் ஸ்பெஷல்ஸ் வாசிப்பை நிறுத்திவிடுவார்கள். 1981-ல் கவென்ட்ரியிலே ஆசிய மாணவர் ஒருவர் இனவெறிக்குப் பலியானார். சில வாரங்களிலேயே அதே நகரத்து மைதானத்திலே இனவெறிக்கு எதிராகக் கச்சேரி நடத்தினார்கள். அந்த ஜூலையிலே, வேலையில்லாதோர் தொகை 25 லட்சத்தைத் தாண்டி, நகரம் நகரமாகக் கலவரம் மூண்ட வேளையிலே, பிரிட்டனின் முதலிடத்துப் பாட்டு எது? டாமர்ஸ் எழுதிய 'கோஸ்ட் டவுன்' — பேய் நகரம். மூன்று வாரம் முதலிடத்திலே நின்றது. அதிலே வரும் டிராம்போன், ரிக்கோவினுடையது.

குழு அதோடு உடைந்தது. டாமர்ஸ் ஓயவில்லை. 1984-ல் சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவை விடுதலை செய் என்று பாட்டெழுதினார். அழுகைப் பாட்டல்ல, ஆட்டம் போடவைக்கும் பாட்டு. மண்டேலா யார் என்று கேட்ட பிள்ளைகள், அதைப் பாடியபடியே அவரைத் தெரிந்துகொண்டார்கள். 1990-ல் சிறைக்கதவு திறந்தது. பாட்டுத்தான் திறந்தது என்று சொல்லும் பைத்தியக்காரன் நான் அல்லன். ஆனால் கதவைத் தட்டிய கோடிக் கைகளிலே ஊட்டியிலே பிறந்த ஒரு கையும் உண்டு.

காப்பி ஆறிப்போயிற்று. பெரியவர் கேட்டார்: "இவ்வளவும் சரி தம்பி. நம்ம ஊர்ல இப்படி உண்டா?"

"வடசென்னையிலே இழவு வீட்டிலே விடிய விடியப் பாடுகிறார்களே ஐயா, மரண கானா. அதைக் கேட்டிருக்கிறீர்களா?"

"கேட்டதில்லை," என்றார், ஒளிக்காமல்.

1990-களிலே தேவாவின் இசை வழியே கானா திரையிலே புகுந்து நாடெங்கும் ஒலித்தது. பாடிப் பாடி அதை வளர்த்த வியாசர்பாடிக்காரர்களின் பெயர்களை எத்தனை பேர் கேட்டார்கள்? 2018 ஜனவரி 6-ல் சென்னையிலே 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதன்முதலாக மேடையேறியபோதுதான், இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசைஞர் தென்மாவும் சேர்த்த அந்தக் குழுவிலே, கானாக்காரன் பின்னணியிலிருந்து முன்னணிக்கு வந்து தன் பெயரோடு நின்று பாடினான். ஜாதியையே பெயர் சொல்லிப் பாடினான். கிங்ஸ்டனிலே 1964-ல் நடக்காதது இங்கே நடந்தது. மாதக்கணக்கிலே நடந்ததா, ஆண்டுக்கணக்கிலே நடக்குமா என்பதை இனிமேல்தான் பார்க்கவேண்டும்.

மேடையிலிருந்து கூப்பிட்டார்கள். பையன் எழுந்தான். "அண்ணா, அந்த டிராம்போன் ஆளு பேரு இன்னொரு தடவை சொல்லுங்க." சொன்னேன். கைபேசியிலே எழுதிக்கொண்டான்: டான் டிரம்மண்ட். அதற்குக் கீழே, ரிக்கோ. அதற்குக் கீழே நானே சொல்லிச் சேர்க்கவைத்தேன்: சிஸ்டர் இக்னேஷியஸ், ஆல்ஃபா பள்ளி.

அடுத்த பாட்டு தொடங்குமுன், குழுவினர் கம்பிவடங்களைச் சரிசெய்துகொண்டிருந்த இடைவெளியிலே, அவன் 'சின்னச் சின்ன ஆசை'யின் மெட்டையே எடுத்து வேகத்தைக் கூட்டி, 'க'விலே 'க'விலே தந்தியை வெட்டி வாசித்துப் பார்த்தான். டிரம்ஸ் பையன் புரிந்துகொண்டு சிரித்தபடி சேர்ந்துகொண்டான். பெரியவரின் கை தொடைக்கு வந்தது, தட்டியது, தவறியது, நின்றது. பிறகு மெல்ல, கை தூக்குகிற இடத்திலே விரலைச் சொடுக்கத் தொடங்கினார். அதற்குள் மறுபடி ஒரு விமானம் வந்துவிட்டது.